புஷ் மெயில்: பிளாக்பெர்ரியா, எக்ஸ்சேஞ்சா?

போன மாதம் சித்தப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பழைய பிளாக்பெர்ரி கர்வ் அகப்பட்டது. "நீதானே கம்ப்யூட்டர் படிக்கிறே, வெச்சுக்கோ" என்று கையில் திணித்துவிட்டார். சார்ஜ் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உயிர் வந்தது. அந்தக் குட்டிக் குட்டி விசைகளில் தட்டிப் பார்க்க இன்றும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெயில் வராது. இனி எப்போதும் வராது. இந்த வகைக் கருவிகளுக்கான சேவையை பிளாக்பெர்ரி நிறுவனம் 2022 ஜனவரி 4-ம் தேதியோடு நிறுத்திவிட்டது.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கருவியின் மேல் ஒரு பயம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் தலையில் சிவப்பு விளக்கு மினுக்கினால் சித்தப்பாவின் இடது கை தன்னால் அங்கே போகும். உடனே சித்தியின் முகம் மாறும். அந்த விளக்குக்குப் பின்னால் என்ன நடந்தது என்று இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்கு ஒரு கருத்து உண்டாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இது.

"பிளாக்பெர்ரியை ஐபோன் கொன்றது" என்பது எல்லோரும் சொல்லும் கதை. போன் வியாபாரத்தைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கலாம். அலுவலக மெயிலில் நடந்த சண்டை வேறு. அங்கே கேள்வி தொடுதிரையா, விசைப்பலகையா என்பதல்ல. ஆபீஸ் சர்வருக்கும் உங்கள் சட்டைப் பைக்கும் நடுவில் மெயில் எங்கே நின்று போகிறது, அந்த இடம் யாருடையது என்பதுதான்.

முதலில் புஷ் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். சாதாரணமாக மெயில் மென்பொருள் கால் மணிக்கு ஒருமுறை சர்வரிடம் போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்கும். தினம் தபால் ஆபீஸுக்கு நடையாய் நடப்பது போல. புஷ் என்பது தபால்காரர் வாசலுக்கு வந்து "சார், போஸ்ட்!" என்று கூப்பிடுவது. கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் செல்பேசிக்கு நிலையான கதவிலக்கம் கிடையாது. அது தொலைபேசி நிறுவனத்தின் வலைக்குள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கும். வெளியில் இருக்கும் ஒரு சர்வர் தானாக அதைத் தேடிப்போய்த் தட்ட முடியாது. முகவரியே இல்லாத ஆளுக்குத் தபால் எப்படிப் போடுவது? இதற்கு ஒவ்வொருவரும் சொன்ன பதிலில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

கனடாவில் வாட்டர்லூ என்ற ஊரில் இருந்த ரிசர்ச் இன் மோஷன் (சுருக்கமாக ரிம், 2013-ல்தான் பிளாக்பெர்ரி என்றே பெயரை மாற்றிக்கொண்டது) சொன்ன பதில் 1999-லேயே வந்துவிட்டது. பேஜர் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் பயன்படுத்திய மோபிடெக்ஸ் என்ற வலை நொடிக்கு 8 கிலோபிட்தான் கொடுக்கும். கருவி ஓடியது ஒரே ஒரு பென்சில் பேட்டரியில். இப்படி ஒரு வறுமையில் பிறந்ததால் சிக்கனம் அதன் ரத்தத்திலேயே இருந்தது என்று சொல்லலாம்.

முறை இப்படி. ஆபீஸில் மெயில் சர்வருக்குப் பக்கத்திலேயே பிளாக்பெர்ரி என்டர்பிரைஸ் சர்வர் என்று இன்னொன்றை நிறுத்த வேண்டும். அது மெயில் பெட்டியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். புது மெயில் வந்தால் சுருக்கி, பூட்டி, முதல் 2 கிலோபைட்டை மட்டும் அனுப்பும். மேலே படிக்க நீங்கள் உருட்டினால்தான் அடுத்த துண்டு. எங்கே அனுப்பும்? நேராக உங்கள் போனுக்கு அல்ல, ரிம் நிறுவனத்தின் நடுமையத்துக்கு. எந்தக் கருவி எந்த நாட்டில் எந்த நிறுவனத்தின் வலையில் இருக்கிறது என்பது அந்த மையத்துக்குத் தெரியும். அது தள்ளிவிடும்.

இதில் இரண்டு விஷயங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. ஒன்று, ஆபீஸ் சர்வர் 3101 என்ற போர்ட் வழியாகத் தானே வெளியே போய் இணைப்பை உண்டாக்கும். ஆகவே ஃபயர்வாலில் உள்ளே வரும் வாசல் எதையும் திறக்க வேண்டாம். இரண்டாவது, பூட்டின் சாவி ஆபீஸ் சர்வரிலும் கருவியிலும் மட்டுமே இருக்கும். முதலில் ட்ரிபிள் டெஸ், பிறகு ஏ.இ.எஸ். நடுவில் உட்கார்ந்திருக்கும் ரிம், மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும் கூலியாள் மட்டுமே. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. (கடையில் தனியாக போன் வாங்கிய ஆட்களுக்குக் கொடுத்த இணைய சேவையில் இந்த ஆபீஸ் சாவி கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.)

மைக்ரோசாஃப்டின் முதல் பதில் கொஞ்சம் அசட்டுத்தனமானது. எக்ஸ்சேஞ்ச் 2003-ல், புது மெயில் வந்ததும் போனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு எஸ்.எம்.எஸ். போகும். போன் விழித்துக்கொண்டு சர்வரிடம் போய் மெயிலை எடுத்துவரும். ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வரும் ஆளுக்கு இருநூறு எஸ்.எம்.எஸ்! 2005 அக்டோபரில் சர்வீஸ் பேக் 2 வந்தபோது இதைத் தூக்கிப் போட்டுவிட்டு டைரக்ட் புஷ் கொண்டுவந்தார்கள். இது நிஜமாகவே நல்ல யோசனை. போனை வெளியிலிருந்து தட்ட முடியாது, சரி. ஆனால் போன் வெளியே தட்டலாம் அல்லவா? ஆகவே போனே சர்வருக்கு ஒரு எச்.டி.டி.பி.எஸ். கோரிக்கை அனுப்பி, "புது மெயில் வந்தா சொல்லு, அதுவரைக்கும் லைன்லயே இருக்கேன்" என்கிறது. சர்வர் வாயைத் திறக்காது. மெயில் வந்தால் பதில் சொல்லும். பேசி வைத்த நேரம் வரை எதுவும் வராவிட்டால் "ஒண்ணும் இல்லை" என்று முடித்துவிடும். போன் மறுபடி கேட்கும். அவ்வளவுதான் விஷயம். நடுவில் மையம் வேண்டாம், கனடா வேண்டாம், மூன்றாம் மனிதரே வேண்டாம்.

நடைமுறையில் தலைவலி இருந்தது. வழியில் இருக்கும் ஃபயர்வால்களுக்குச் சும்மா இருக்கும் இணைப்பைக் கண்டால் ஆகாது, ஐந்து பத்து நிமிஷத்தில் வெட்டிவிடும். (எங்கள் விடுதி வைஃபைக்கும் இதே வியாதி.) வெட்டியது போனுக்குத் தெரியாமல், லைனில் யாருமே இல்லாமல் "ஹலோ ஹலோ" என்று காத்திருக்கும். அந்த நேரத்தை அரை மணி வரை உயர்த்தி வையுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் நிர்வாகிகளுக்கு ஆலோசனை சொல்ல வேண்டியிருந்தது. இன்னொன்று, இணையத்திலிருந்து உள்ளே வர 443 என்ற வாசலைத் திறந்தே ஆக வேண்டும். பிளாக்பெர்ரியிடம் பழகிய பாதுகாப்பு நிர்வாகிக்கு இது வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் இல்லாமல் விட்ட மாதிரி இருந்திருக்கும். பேட்டரி விஷயத்திலும் அந்தக் கால விண்டோஸ் மொபைல் கருவிகள் பிளாக்பெர்ரிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் காசு! பிளாக்பெர்ரிக்குத் தனி சர்வர் மென்பொருள், ஆளுக்கொரு உரிமம், அதற்கு மேல் தொலைபேசி நிறுவனத்திடம் பிளாக்பெர்ரிக்கென்றே தனி மாதச் சந்தா. எக்ஸ்சேஞ்ச் ஏற்கனவே வைத்திருப்பவருக்கு டைரக்ட் புஷ் கையோடு வந்தது, சாதாரண டேட்டா திட்டம் போதும். பத்துப் பேர் இருக்கும் கம்பெனிக்கு இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. சின்ன கம்பெனிகளுக்கென்று ரிம் இலவச சர்வர் பதிப்பைக் கொடுத்தது 2010-ல்தான். அதற்குள் கடை காலியாக ஆரம்பித்திருந்தது.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குட் டெக்னாலஜியும் பிளாக்பெர்ரி மாதிரியே நடுமையம் வைத்து, ட்ரியோ போன்ற பிற கம்பெனி போன்களில் ஓடியது. மோட்டரோலா அதை வாங்கி, 2009-ல் விஸ்டோவிடம் விற்று, விஸ்டோ தன் பெயரையே குட் என்று மாற்றிக்கொண்டு, கடைசியில் 2015-ல் 42.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது யார் தெரியுமா? பிளாக்பெர்ரி! நோக்கியா 2006-ல் இன்டெலிசிங்க் நிறுவனத்தை 43 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இரண்டே வருஷத்தில், 2008-ல், சொந்தமாக ஆபீஸ் மெயில் தீர்வு செய்வதையே விட்டுவிட்டு, மைக்ரோசாஃப்டின் முறையை ஏற்றுக்கொண்டது. ஐமேப் ஐடில் என்ற இலவச வழி 1997-லிருந்தே இருக்கிறது. ஆனால் அதில் காலண்டர் வராது, முகவரிப் புத்தகம் வராது, தொலைந்த போனைத் தூரத்திலிருந்து அழிக்க வராது. இவை இல்லாமல் எந்த ஆபீஸும் ஒப்புக்கொள்ளாது.

இப்போது பிளாக்பெர்ரியின் பலவீனத்துக்கு வருகிறேன். எல்லாம் ஓரிடத்தின் வழியாகப் போனால் அந்த இடத்துக்கு ஒன்று என்றால் எல்லோருக்கும் ஒன்று. இது இரண்டு விதமாக வந்தது.

முதலாவது நீதிமன்றத்திலிருந்து. என்.டி.பி. என்ற சின்ன நிறுவனம் கம்பியில்லா மெயிலுக்கான காப்புரிமை தன்னிடம் இருக்கிறது என்று 2001-ல் வழக்குப் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், அமெரிக்காவில் சேவை முழுக்க நிற்கலாம் என்ற நிலைமை உண்டானது. அமெரிக்க அரசே நீதிமன்றத்துக்குப் போய், தடை போட்டால் அரசு ஊழியர்களுக்கு விலக்கு வேண்டும் என்று கேட்டது. 2006 மார்ச்சில் ரிம் 61.25 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. உங்கள் கம்பெனிக்கு அந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் மெயில் நின்றிருக்கும்.

இரண்டாவது 2011 அக்டோபரில். இங்கிலாந்தில் ஸ்லவ் என்ற ஊரில் இருந்த மையத்தில் ஒரு முக்கிய ஸ்விட்ச் பழுதானது. மாற்று ஏற்பாடு வேலை செய்ய வேண்டிய மாதிரி வேலை செய்யவில்லை. முதலில் ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா. அப்புறம் தென் அமெரிக்கா. மூன்றாம் நாள் வட அமெரிக்காவும். தேங்கிய மெயில் மலையாகி, எல்லாம் சீராக 13-ம் தேதி ஆகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஆபீஸ் சர்வர் நன்றாக ஓடுகிறது, செல்பேசி கோபுரம் நன்றாக இருக்கிறது, கையில் இருக்கும் கருவியும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் மெயில் இல்லை! டைரக்ட் புஷ்ஷில் உங்கள் சர்வர் விழுந்தால் நீங்கள் மட்டும்தான் விழுவீர்கள். (அந்த மூன்று நாளும் சித்தி வீட்டில் திருவிழா என்று கேள்வி.)

நியாயமாக இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் செல்பேசி வலைகள் திணறியபோது பிளாக்பெர்ரி மெயில் போய்க்கொண்டிருந்தது, காரணம் அது ஓடியது தனி டேட்டா வலையில். அதைப் பார்த்துதான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. தனிப்பாதை என்பது ஒரு நாள் வரம், ஒரு நாள் சாபம்.

நடுவில் ஒருவர் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். அரசாங்கத்துக்குக் கதவைத் தட்ட ஒரு முகவரி கிடைத்துவிடும். 2010 ஆகஸ்டில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், அக்டோபர் 11 முதல் பிளாக்பெர்ரி சேவைக்குத் தடை என்று அறிவித்து, அதற்கு மூன்று நாள் முன்பு வாபஸ் வாங்கியது. அதே மாதம் நம் உள்துறை அமைச்சகமும் ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்து, பிறகு 60 நாள் நீட்டித்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கவலை புரியக்கூடியதே. ரிம் பின்னால் மெசஞ்சர் விஷயத்தில் வழி செய்து கொடுத்தது. ஆபீஸ் மெயிலில் மட்டும் "சாவி எங்களிடம் இல்லை, வாடிக்கையாளரிடம் இருக்கிறது" என்பதிலேயே நின்றது. எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், அதே நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் மெயிலும் பூட்டிய இணைப்பில்தான் வெளிநாட்டு சர்வர்களிலிருந்து நேராக இந்தியாவில் இருந்த போன்களுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இந்த அளவுக்குக் கூச்சல் எழவில்லை. நடுவில் போய்க் கேட்பதற்கு ஆள் இல்லையே!

சண்டை எப்படி முடிந்தது என்பதில் ஒரு வேடிக்கை. ஜெயித்தது மைக்ரோசாஃப்டின் போன் அல்ல. விண்டோஸ் மொபைல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெயித்தது அதன் ஆக்டிவ்சிங்க் என்ற பேச்சுமொழி. பாம், நோக்கியா, மோட்டரோலா என்று வரிசையாக உரிமம் வாங்கினார்கள். 2008 ஜூலையில் ஐபோன் இரண்டாம் பதிப்பு மென்பொருளோடு ஆப்பிள் வந்தது. 2009 பிப்ரவரியில் கூகுளும் வந்தது. ஒரு கம்பெனி எக்ஸ்சேஞ்ச் வைத்திருந்தால் ஊழியர் எந்த போனோடு வந்தாலும் மெயில் வரும் என்றான பிறகு, ஒரே கம்பெனி கருவிக்காகத் தனி சர்வர் வைக்க எந்த நிதி அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

ஆக, நேர்வழி ஜெயித்தது, நடுமையம் தோற்றது என்று முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. உங்கள் கையில் இப்போது இருக்கும் போனைப் பாருங்கள். ஐபோன் என்றால் அதற்கு வரும் பெரும்பாலான அறிவிப்புகள், 2009-ல் ஆரம்பித்த ஆப்பிளின் புஷ் மையம் வழியாக வருகின்றன. ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் மையம். போனிலிருந்து அந்த மையத்துக்கு எப்போதும் திறந்திருக்கும் ஒரே ஒரு இணைப்பு, எல்லா அறிவிப்பும் அதிலேயே. ஏனென்றால் முப்பது செயலிகளும் தனித்தனியாக "லைன்லயே இருக்கேன்" என்று உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். வாட்டர்லூக்காரர்கள் 1999-ல் கண்டுபிடித்த அதே கணக்கு! மைக்ரோசாஃப்டே 2014 டிசம்பரில் அகாம்ப்ளி என்ற நிறுவனத்தை வாங்கி, அந்தச் செயலியை அவுட்லுக் என்று வெளியிட்டபோது, மெயில் ஒரு மேகக் கணினி வழியாகச் சுற்றித்தான் போனுக்கு வந்தது. பயனரின் கடவுச்சொல்லும் மெயிலும் மூன்றாம் இடத்துக்குப் போகிறது என்று 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கணினிப் பிரிவு அதைத் தடுத்தது.

என் கோபம் இங்கேதான். நடுமையம் வேண்டும் என்றால் இருக்கட்டும், பேட்டரிக்காக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பிளாக்பெர்ரியின் ஆபீஸ் சர்வரில் பூட்டு என்பது கேட்டு வாங்க வேண்டிய ஒன்றல்ல, அது இல்லாமல் ஒரு மெயிலும் வெளியே போகாது. இன்று அறிவிப்பின் உள்ளடக்கத்தைப் பூட்டுவது செயலி எழுதுபவரின் விருப்பம். சிலர் பூட்டுகிறார்கள், பலர் பூட்டுவதில்லை. பூட்டினாலும் எந்தச் செயலி, எந்த போனுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பியது என்பது மையத்துக்குத் தெரியும். 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், அரசாங்கங்கள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் இந்த அறிவிப்பு விவரங்களைக் கேட்டு வாங்குகின்றன என்று நீதித்துறைக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதிய பிறகுதான் நம்மில் பலருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரிந்தது. பிளாக்பெர்ரியின் அமைப்பை எடுத்துக்கொண்டு பூட்டை விட்டுவிட்டோம்.

ஆகவே 2006-ல் நான் ஒரு வங்கியின் கணினி அதிகாரியாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிளாக்பெர்ரி வாங்கியிருப்பேன். கூடவே, ஸ்லவ் மாதிரி ஒரு நாளுக்காகச் சில பேருக்கு டைரக்ட் புஷ் போனும் கொடுத்திருப்பேன். பத்துப் பேர் கம்பெனியாக இருந்தால் எக்ஸ்சேஞ்ச் போதும் என்றிருப்பேன். இன்றைக்கு ஒரு சின்ன கம்பெனி கேட்டால், மெயில் அறிவிப்பில் தலைப்பும் முதல் வரியும் காட்டுவதை நிறுத்திவிட்டு, "புது மெயில்" என்று மட்டும் வரும்படி வையுங்கள் என்பேன். செய்து பார்த்தேன், ஐந்து நிமிஷ வேலை.

இன்னொரு விஷயம் மிச்சமிருக்கிறது. ஆபீஸ் சர்வர் வழியாக மட்டுமே மெயில் போகும் என்றால் ஆபீஸ் நினைத்தால் நிறுத்தவும் முடியும். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2011-ல் தொழிலாளர் குழுவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் பிளாக்பெர்ரி சர்வர் அந்த ஊழியர்களுக்கு மெயில் அனுப்புவதை நிறுத்திவிடும். மறுநாள் வேலை தொடங்க அரை மணி இருக்கும்போதுதான் மறுபடி அனுப்பும். மொத்த ஊழியர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான், மேலதிகாரிகளுக்குக் கிடையாது. போன் பேசலாம், மெயில் மட்டும் வராது.

இதைச் சித்தியிடம் சொன்னேன். "உங்க சித்தப்பாவுக்கு அந்தக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கக் கூடாதா" என்றார். சித்தப்பா புது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை :-)